ஆசிரியருக்குத் தேவை தகவலா, துணையா?

அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில் என் மருமகள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். அவள் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பின் வகுப்பாசிரியை. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்த பதினான்கு இணைப்புகளை அவள் சேமித்து வைத்திருந்தாள். அனைத்தும் வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வைப் பற்றியவை. சில காணொளிகள், சில கட்டுரைகள், 'பத்தே கேள்விகளில் உங்கள் மாணவரின் மனநிலையைக் கண்டறியுங்கள்' என்று அழைக்கும் ஒரு படிவம், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஆங்கிலக் கையேடு என அவை பல வகையாக இருந்தன. "இதில் எதை நம்பலாம், மாமா? என் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். அதில் ஒரு பெண் மூன்று வாரமாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. நாளைக் காலையில் நான் அவளிடம் என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் இதில் எதிலுமே இல்லை" என்றாள்.

நான் மருத்துவன் அல்லன். உளவியல் பயின்றவனும் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் அவளுடைய கேள்வி எனக்குப் பழகிய கேள்வியாகவே தோன்றியது. வாங்குபவரால் தரத்தை அறிய இயலாத சரக்கை எவ்வாறு மதிப்பிடுவது என்பது என் துறையின் பழைய வினாக்களுள் ஒன்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடன் அமர்ந்து அந்தப் பதினான்கையும், அவற்றுக்கு அப்பால் பொதுவெளியில் கிடைப்பவற்றையும் படித்துப் பார்த்தேன். மதிப்பீடு செய்யத் தொடங்கியபோது எழுந்த கேள்வி ஒன்று. முடித்தபோது மனத்தில் நின்ற கேள்வி வேறொன்று. அதனாலேயே இக்கட்டுரை.

வகுப்பறைக்கு வந்துவிட்ட பிரச்சினை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். ஒவ்வொரு மரணத்துக்கும் மனச்சோர்வே காரணம் என்று கூறுவது பிழை. குடும்பம், வறுமை, தேர்வு, சாதி, வன்முறை எனக் காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஆனால், அடையாளம் காணப்படாத மனச்சோர்வு அவற்றுள் முக்கியமான ஒன்று என்பதில் ஐயமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக மதிப்பிட்டது. இது மனச்சோர்வை மட்டும் குறிக்கும் எண் அன்று. இருந்தாலும் நாற்பத்தெட்டுப் பேர் கொண்ட வகுப்புக்கு இந்தச் சராசரியைப் பொருத்தினால், மூன்று அல்லது நான்கு பிள்ளைகளுக்கு உதவி தேவைப்படுகிறது.

அந்த உதவியைத் தரவேண்டிய மருத்துவர்கள் எத்தனை பேர்? இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பதே பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. மறுபுறம், ஒரு மாணவியை வாரத்தில் ஐந்து நாள்கள், நாளொன்றுக்கு ஆறேழு மணிநேரம் பார்க்கும் பெரியவர் ஆசிரியர் மட்டுமே. எனவே எல்லாருடைய பார்வையும் ஆசிரியர் மீது திரும்புவது இயல்பு. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், கல்வி நிறுவனங்களின் பணியாளர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் மனநல முதலுதவிப் பயிற்சி தரப்பட வேண்டும் என்று பணித்துள்ளன. தேவை பெருகினால் வரத்தும் பெருகும் என்பது சந்தை விதி. இணையத்தில் ஆசிரியர்களுக்கான மனநல வழிகாட்டிகள் மலிந்திருப்பதற்கு இதுவே காரணம்.

தரம் அறிய முடியாத சரக்கு

மாம்பழத்தின் தரத்தை வாங்குமுன் முகர்ந்து அறியலாம். உணவகத்தின் தரத்தை உண்ட பின் அறியலாம். ஆனால், வண்டிப் பழுது பார்ப்பவர் மாற்றிய பாகம் உண்மையிலேயே மாற்றப்பட வேண்டியதுதானா என்பதைப் பணம் கொடுத்த பின்னும் நம்மால் அறிய முடிவதில்லை. இவ்வகைச் சரக்குகளை நம்பிக்கையின் பேரில் மட்டுமே வாங்கப்படும் சரக்குகள் என்று 1973-இல் டார்பி, கார்னி என்னும் இரு பொருளியலாளர்கள் வகைப்படுத்தினர். இதற்கு மூன்றாண்டுகள் முன்பே, வாங்குபவருக்குத் தரம் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் விளக்கியிருந்தார். அவருக்கு 2001-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த சிந்தனைகளுள் அது தலையாயது.

ஆசிரியருக்கான மனநலத் தகவல் இவ்வகைச் சரக்கின் கடினமான வடிவம். இங்கே தகவலைப் படிப்பவர் ஒருவர். அதன் விளைவை அனுபவிப்பவர் வேறொருவர். தவறான அறிவுரையைப் பின்பற்றிய ஆசிரியைக்கு அது தவறு என்பது தெரியாமலே போகலாம். அந்த மாணவி மேலும் மௌனமாகிவிடுவாள், அவ்வளவுதான். பார்வையாளர் எண்ணிக்கையும் விருப்பக் குறிகளும் இந்தச் சந்தையில் தரத்துக்குச் சான்றாக மாட்டா.

இணையம் பரவிய காலத்திலேயே மருத்துவ உலகம் இந்தச் சிக்கலை உணர்ந்தது. எழுதியவர் யார், ஆதாரம் எது, நிதி தருபவர் யார், எப்போது திருத்தப்பட்டது என்ற நான்கு அளவுகோல்களை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1997-இல் முன்வைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டனில் உருவான 'டிசெர்ன்' என்னும் மதிப்பீட்டுக் கருவி பதினாறு கேள்விகளைக் கொண்டது. ஜெனீவாவில் 1995-இல் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளை, நெறிகளுக்கு உட்பட்ட மருத்துவத் தளங்களுக்கு முத்திரை வழங்கிவந்தது. 2022 இறுதியில் அது தன் பணியையே நிறுத்திக்கொண்டது. இப்போதோ தேடுபொறியின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் விடை நிற்கிறது. எழுதியவர் யார் என்ற முதல் கேள்வியைக் கேட்பதற்கே அங்கு இடமில்லாமல் போகிறது.

நிதி தருபவர் யார் என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். 2010-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற 'வெப்எம்டி' தளத்தில் மனச்சோர்வுக்கான சுயபரிசோதனை ஒன்று இருந்தது. எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று விடையளித்தாலும், மனச்சோர்வுக்கான அபாயம் உங்களுக்கு இருக்கலாம் என்ற வகையில் அது முடிவு கூறுவதை விமர்சகர்கள் கண்டறிந்தனர். பரிசோதனைக்கு நிதியளித்தது மனச்சோர்வுக்கான மருந்தைத் தயாரிக்கும் எலி லில்லி நிறுவனம். செனட்டர் சார்லஸ் கிராஸ்லி விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதும் அளவுக்கு அது சர்ச்சையானது.

ஒரு சொல்லில் தொடங்கும் குழப்பம்

மேற்கண்ட நான்கு அளவுகோல்களும் தேவையானவை. ஆனால், அவை மருத்துவத் தகவலைத் தேடும் பொது வாசகருக்காகப் பிறந்தவை. ஆசிரியர் நோயாளியும் அல்லர், மருத்துவரும் அல்லர். அவருக்கென வேறு சில கேள்விகள் வேண்டும் என்பதை என் மருமகளுடன் அமர்ந்தபோதுதான் உணர்ந்தேன்.

முதலாவது, மொழி. தமிழில் நாங்கள் பார்த்த பக்கங்களில் பாதிக்கு மேல், 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லைத் தேர்வுக்கு முந்தைய பதற்றத்துக்கும் பயன்படுத்தின. மனச்சோர்வு என்ற நோய்க்கும் பயன்படுத்தின. இது வெறும் சொற்சிக்கல் அன்று. அழுத்தம் என்பது வெளியிலிருந்து வருவது. தேர்வு முடிந்தால் பெரும்பாலும் நீங்குவது. ஓய்வு, விளையாட்டு, திட்டமிட்ட படிப்பு ஆகியவை அதற்கு உதவும். மனச்சோர்வோ பெரும்பாலான நேரம், பெரும்பாலான நாள்கள், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கம், பசி, கவனம், விருப்பங்கள் ஆகியவற்றைக் குலைக்கும் நோய்நிலை. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் பக்கம், சிகிச்சை தேவைப்படும் பிள்ளைக்கு 'காலையில் எழுந்து நடைப்பயிற்சி செய்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. அது பலிக்காதபோது, முயற்சி போதவில்லை என்று அந்தப் பிள்ளையே தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்கிறது.

இரண்டாவது, வயது. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு எப்போதும் சோகமுகத்துடன் வருவதில்லை. எரிச்சல், சினம், காரணமற்ற தலைவலி, வயிற்றுவலி, அடிக்கடி விடுப்பு, திடீரெனச் சரியும் மதிப்பெண் ஆகிய வடிவங்களிலும் வரும். பெரியவர்களுக்கான அறிகுறிப் பட்டியலை மொழிபெயர்த்துத் தரும் பக்கம், பின்வரிசையில் அமர்ந்து எதிர்த்துப் பேசும் மாணவனை ஒழுங்கீனன் என்று எண்ணும் நம் பழக்கத்தைத் திருத்தாது.

மூன்றாவது, சட்டமும் இடமும். ஆஸ்திரேலியாவில் 2018 முதல் இயங்கும் 'பி யூ', பிரிட்டனில் 2014-இல் தொடங்கிய 'மைண்ட்எட்' ஆகியவை அரசு நிதியில் உருவானவை. கல்வியாளர்களும் குழந்தைகளுடன் பணிபுரியும் பிறரும் பயன்படுத்தத்தக்க உள்ளடக்கம் கொண்டவை. மாணவரிடம் எவ்வாறு பேசத் தொடங்குவது என்பதற்கு அவற்றிலிருந்து கற்கலாம். ஆனால், ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தலைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்நாடுகளின் சட்டத்தை நம்பிப் பயனில்லை. இங்கே 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியுள்ளது. 'நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மாணவிக்கு வாக்குக் கொடுக்கும்படி ஒரு வழிகாட்டி சொன்னால், அது எவ்வளவு அன்புடன் எழுதப்பட்டிருந்தாலும் ஆசிரியையைச் சட்டச் சிக்கலிலும், மாணவியை நம்பிக்கைத் துரோகத்தின் வலியிலும் தள்ளிவிடும். உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தாலும் அதே நிலைதான். 'உன் பாதுகாப்புக்குத் தேவையானால் மட்டும், தேவையானவர்களிடம் மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டே பேசுவேன்' என்பதே நேர்மையான வாக்கு.

நான்காவது, படிவங்கள். மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 'பி.எச்.கியூ-9' என்ற வினாத்தாள், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே விடையளிக்க வேண்டிய ஒன்பது கேள்விகள் கொண்டது. அது ஐயத்தை எழுப்பும் கருவி. நோயை உறுதிசெய்யும் கருவி அன்று. மாணவியின் சார்பில் ஆசிரியை நிரப்பிப் பார்ப்பதற்கு அது உரியதே அன்று. அதன் ஒன்பதாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. வகுப்பு முழுவதற்கும் அத்தாளைக் கொடுத்துவிட்டு, விடைகளை அன்றைக்கே படித்து, 'ஆம்' என்றவரிடம் அன்றைக்கே பேச ஒருவர் இல்லையென்றால், கேட்காமலிருப்பதே மேல். இணையப் படிவங்களில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2023-இல், இணையவழி மனநல ஆலோசனை வழங்கும் 'பெட்டர்ஹெல்ப்' நிறுவனம், பயனாளர்களின் தகவல்களை விளம்பரத்துக்காகச் சமூக ஊடக நிறுவனங்களுடன் பகிர்ந்த புகாரில் 78 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ஒரு மாணவியின் பெயரையும் அறிகுறிகளையும் முகந்தெரியாத தளத்தில் தட்டச்சு செய்வது, அவளுடைய இரகசியத்தைச் சந்தையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

இந்த அளவுகோல்களைக் கொண்டு பார்த்தபோது பதினான்கில் மூன்று மட்டுமே தேறின. மூன்றும் அறிகுறிகளைச் சரியாகச் சொல்லின; நோயை உறுதிசெய்வது ஆசிரியரின் வேலையன்று என்று எச்சரித்தன. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது என்ற, பலருக்கும் தெரியாத உண்மையை அவற்றுள் ஒன்று தெளிவாக எழுதியிருந்தது. 'இனி யாரிடம் அனுப்புவது' என்ற இடத்தில் மட்டும் மூன்றும் ஒரே வரியில் முடிந்தன: தகுந்த நிபுணரை அணுகவும்.

தகுந்த நிபுணர் யார்?

அந்த ஒரு வரி என்னை முப்பது ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் சென்றது. தொண்ணூறுகளின் நடுவில் என் வகுப்பில் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் இருந்தார். முதலாண்டில் முன்வரிசையில் அமர்ந்து கேள்விகளால் என்னைத் துளைத்தவர். அடுத்த ஆண்டு பின்வரிசைக்குப் போனார். பிறகு வகுப்புக்கே வருவது குறைந்தது. வந்த நாள்களில் மேசைமீது தலைகவிழ்ந்து கிடந்தார். 'தூங்குவதற்கு வீடு இல்லையா?' என்று அனைவர் முன்னிலையிலும் நான் கேட்டேன், வகுப்பு சிரித்தது. வருகைக் குறைவுப் பட்டியலில் அவருடைய பெயரை என் கையால் எழுதினேன். அவர் தேர்வெழுதாமலேயே கல்லூரியை விட்டு நீங்கினார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் அவரே என்னை அடையாளம் கண்டு வணங்கினார். சிறிய கடை வைத்திருப்பதாகச் சொன்னார். "அந்த வருடம் முழுக்க எனக்கு இரவில் தூக்கமே இல்லை, ஐயா. என்ன ஆயிற்றென்று எனக்கே தெரியவில்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். அவருடைய வருகைப் பதிவேடு, சரிந்த மதிப்பெண், கவிழ்ந்த தலை என அறிகுறிகள் எல்லாம் என் கண்முன்னே இருந்தன. அவற்றுக்குரிய பெயர் மட்டும் எனக்குத் தெரியவில்லை. அது அறியாமை, இன்று இணையம் அதைப் போக்கிவிடும். ஆனால், பெயர் தெரிந்திருந்தால் அன்று நான் அவரை யாரிடம் அனுப்பியிருப்பேன்? கல்லூரியில் ஆலோசகர் இல்லை. ஊரில் மனநல மருத்துவர் இல்லை. அறியாமை நீங்கியிருந்தாலும் கையறுநிலை நீங்கியிருக்காது.

இது என் தனிப்பட்ட வருத்தம் மட்டுமன்று. ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களை உள்ளடக்கிய ஓர் ஆய்வு 2015-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதை ஒரு பிரிவிலும், மாணவர்களிடமே மனநலத்தைப் பற்றி நேரடியாக உரையாடுவதை மற்றொரு பிரிவிலும் செய்து பார்த்தனர். ஓராண்டுக்குப் பின், மாணவர்களுடனான உரையாடல் தற்கொலை முயற்சிகளைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்திருந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்ததால் மட்டும் அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை.

நம் நாட்டின் சான்று இன்னும் நேரடியானது. பிகாரின் நாலந்தா மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வின் முடிவுகள் 2018-இல் அதே இதழில் வெளியாயின. ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினர். வேறு சிலவற்றில், பயிற்சி பெற்ற, ஆனால் மருத்துவப் பட்டம் பெறாத முழுநேர ஆலோசகர்கள் நடத்தினர். ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வின் அறிகுறிகளும் மாணவர்களிடையேயான கொடுமைப்படுத்தலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தென்படவில்லை.

இதை ஆசிரியர்களின் மீதான குறையாகப் படிப்பது அநீதி. பாடம், தேர்வு, விடைத்தாள், எமிஸ் பதிவேற்றம் எனக் காலை முதல் மாலை வரை இடைவெளியின்றி ஓடும் ஒருவரிடம் மேலும் ஒரு பணியைச் சேர்த்தால், அது மற்றவற்றிலிருந்து திருடிய நிமிடங்களில்தான் நடக்கும். மேலும், மதிப்பெண் போடும் கையிடமே மனத்தைத் திறப்பது எந்தப் பிள்ளைக்கும் எளிதன்று. ஆசிரியர் வாயிற்படியில் நிற்பவர். உள்ளே அழைத்துச் செல்ல வீட்டில் வேறொருவர் இருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டின் வாசலில் எத்தனை வழிகாட்டிப் பலகைகளை நட்டு என்ன பயன்?

மலிவானதை மட்டும் செய்யும் பழக்கம்

பொருளியலில் ஒரு பாடம் உண்டு: ஒன்றை மேலும் ஒருவருக்குத் தருவதற்கான கூடுதல் செலவு ஏறத்தாழச் சுழியாக இருந்தால், அது அளவுக்கு மீறிப் பெருகும். காணொளியும் கையேடும் அத்தகையவை. ஒரு முறை தயாரித்தால் லட்சம் ஆசிரியர்களுக்கு அனுப்பலாம். 'இத்தனை லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தோம்' என்று அறிக்கையும் எழுதலாம். பள்ளிக்கொரு ஆலோசகர் என்பதோ மாதந்தோறும் ஊதியம் கேட்கும் செலவு. மலிவானதை நிறையச் செய்து, செலவு பிடிப்பதைத் தள்ளிப்போடும்போது, பொறுப்பு மட்டும் ஓசையின்றி ஆசிரியரின் தோளில் வந்து அமர்ந்துவிடுகிறது. நாளை ஒரு விபரீதம் நேர்ந்தால், 'உங்களுக்குத்தான் இணைப்பு அனுப்பியிருந்தோமே' என்று கேட்பதற்கு அது வசதியாகவும் அமைந்துவிடும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. ஒன்றிய அரசு 2020 ஜூலையில் 'மனோதர்பண்' திட்டத்தைத் தொடங்கியது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண், தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் படிப்படியாக விரிந்து வந்துள்ளது. தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் எழுத வழிசெய்த துணைத்தேர்வும், 2017 முதல் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்காத தமிழக அரசின் முடிவும், எந்தக் கையேடும் தர இயலாத ஆறுதலைப் பிள்ளைகளுக்குத் தந்தவை என்பது என் கருத்து. நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பதும் உச்ச நீதிமன்றத்தின் அதே 2025 நெறிகளில் உண்டு. பயிற்சி என்ற எளிய பாதியை நிறைவேற்றிவிட்டு, ஆலோசகர் என்ற கடினமான பாதியை மறந்துவிடக் கூடாது என்பதே இப்போதைய கவலை.

செய்ய வேண்டியவை எனக்கு மூன்றாகத் தோன்றுகின்றன. ஒன்று, தமிழில் ஆசிரியர்களுக்கென ஒரே ஒரு நம்பகமான வழிகாட்டியை அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகளும் பள்ளிக் கல்வித் துறையும் இணைந்து வெளியிட வேண்டும். எழுதியவர் பெயரும் திருத்திய தேதியும் அதில் இருக்க வேண்டும். இரண்டு, அதன் கடைசிப் பக்கம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேறாக அமைய வேண்டும். எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில், எந்த அறையில் மனநல மருத்துவர் இருப்பார் என்பது அதில் வேண்டும். 'தகுந்த நிபுணர்' என்ற சொல்லுக்குப் பதில் ஒரு முகவரி. மூன்று, ஆலோசகர் நியமனம். ஒவ்வொரு பள்ளிக்கும் உடனே இயலாதெனில், அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவாக ஒருவரை, நிலையான கிழமைகளில் வரும்படி நியமிப்பதிலிருந்தேனும் தொடங்கலாம். நாலந்தாவின் பாடம், அவர் மருத்துவப் பட்டதாரியாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்பதுதான். பயிற்சியும் மேற்பார்வையும் முழு நேரமும் அவருக்கு வேண்டும்.

அதுவரை ஓர் ஆசிரியர் செய்யக்கூடியது என்ன? என் மருமகள் மறுநாள் மதிய இடைவேளையில் அந்தப் பெண்ணைத் தனியாக, ஆனால் மற்றவர் கண்ணில் படும்படியாக, மரத்தடியில் அமரவைத்துப் பேசினாள். 'மூன்று வாரமாக நீ சாப்பிடாமல் டப்பாவை மூடிவைப்பதைக் கவனித்தேன். உன்னைத் திட்டக் கூப்பிடவில்லை. எப்படி இருக்கிறாய்?' என்றுதான் கேட்டாளாம். அறிவுரை சொல்லவில்லை. முதல் நாள் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள்தான் அழுதாள். 'சாக வேண்டும் போல் தோன்றுகிறதா?' என்று நேரடியாகக் கேட்பதற்கு என் மருமகளுக்கு இருந்த அச்சத்தை, தேறிய மூன்று பக்கங்களுள் ஒன்று போக்கியிருந்தது. அவ்வளவில் அந்தப் பக்கத்துக்கு நான் நன்றியுடையவன். அன்று மாலையே 14416-ஐ அழைத்து, என்ன செய்வதென்று கேட்டுக்கொண்டாள். மறுநாள் தாயை வரவழைத்துப் பேசினாள். மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமையில் இருப்பார் என்பதை அறிய மட்டும் அவளுக்கு ஏழு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன.

அந்தப் பெண் இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், வகுப்புக்கும் வருகிறாள். சில நாள்கள் நன்றாக இருக்கிறது, சில நாள்கள் இல்லை என்கிறாள் என் மருமகள். அவளுடைய கைப்பேசியில் இப்போது பதினான்கு இணைப்புகள் இல்லை. ஒரு மருத்துவமனையின் பெயர், ஒரு கிழமை, ஓர் அறை எண் ஆகியவை மட்டும் இருக்கின்றன. அதே பள்ளியின் மற்ற ஆசிரியர்களுக்கும் அவற்றை அனுப்பிவிட்டாளாம். அந்த ஏழு அழைப்புகளை இன்னொரு ஆசிரியை செய்ய வேண்டியிராத நாளில்தான் நம் இணைய வழிகாட்டிகள் முழுமை பெற்றதாக நான் கருதுவேன்.